சுங்கச்சாவடி நிறுத்தம்

நிறுத்தத்தில் ஒரே ஒரு பயணி கை காட்டினாலும் பேருந்து நிற்க வேண்டும். அந்தப் பயணி ஆணா பெண்ணா, சீட்டுக்குக் காசு கொடுப்பவரா கொடுக்காதவரா என்ற பாகுபாடு விதியில் கிடையாது. விதியில் இருப்பதைச் சாலையில் தேடக் கூடாது என்பதை அரசு அலுவலகப் பணியில் இருந்தவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக் கீழ்ப் பகுதியில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர், பெரும்பாலும் படுக்கைதான். மனைவி அப்போது ராயபுரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் தொழிலாளி. வார்டைத் துடைக்க வேண்டும், நோயாளிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கையெழுத்து. மூன்று முறை தாமதமானால் மேஸ்திரி பெயரை அடித்துவிடுவார். அதற்கு எழுத்துப்பூர்வமான விதி எதுவும் இல்லை. ஆனால் அது மட்டும் தவறாமல் நடக்கும்.

அந்த அம்மாள் பேருந்து ஏறுவது டோல்கேட்டில். அங்கே சுங்கம் வசூலித்ததை நானும் பார்த்ததில்லை, எனக்குத் தெரிந்த யாரும் பார்த்ததில்லை. பெயர் மட்டும் நிற்கிறது. பேருந்து நிற்பதில்லை. பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, விடியற்காலையில் பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தம் சில ஓட்டுநர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. நின்றாலும் ஐம்பது அடி தள்ளி நிற்கும். பெண்கள் ஓடி வந்து ஏறும்போது, "ஓசின்னா கொஞ்சம் ஓடித்தான் ஆவணும்" என்று நடத்துநர் ஒருவர் வாழ்த்தி வரவேற்பாராம். தலைக்கு மேலே மெட்ரோ ரயில் எல்லா நிலையத்திலும் ஒழுங்காக நின்று போகிறது. அதற்குச் சீட்டு வாங்க வேண்டும்.

இரண்டு முறை தாமதமாகிவிட்டது என்று அந்த அம்மாள் என்னிடம் வந்து சொன்னார். நேரில் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்ளலாம் என்று மறுநாள் காலை ஐந்து மணிக்கு நானும் போய் நின்றேன். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில் குறிப்பேடு. எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த பேருந்து என் காலடியில் கச்சிதமாக நின்றது. பெண்கள் நிதானமாக ஏறினார்கள். நான் ஏறவில்லை. ஓட்டுநர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஐந்து நாளும் இதே கதைதான். நிறுத்தத்துப் பெண்களுக்கு நான் பெரிய வேடிக்கையாகிவிட்டேன். "பஸ் ஸ்டாப் வந்துருச்சி, பஸ்சு வந்துரும்" என்று என்னைக் காட்டிச் சிரித்தார்கள். எனக்கோ கவலை வேறு. இப்படி நான் நிற்கும்வரை பேருந்தும் நிற்கும். பேருந்து நின்றால் குறை இல்லை. குறை இல்லாத இடத்தில் மனு செல்லாது. ஆகவே முதலில் அரசின் குறைதீர் பிரிவில் மனுவைப் போட்டேன். விசாரணைக்கு யாராவது வந்து பார்த்தால் உள்ளபடி தெரிய வேண்டும் என்பதால், இனி நான் நிற்பது முறையல்ல என்று முடிவு செய்தேன்.

அந்த அம்மாளுக்கு இது புரியவில்லை.

"எழுதறது எழுது சார், நா வாணான்னல. காலைல வந்து நின்னுட்டுப் போயேன். உன்னப் பாத்தாதான் நிறுத்துறான்."

"நான் வந்து நின்றால் நம் புகார் பொய்யாகிவிடும், அம்மா."

"புகாரு பொய்யானா ஆவட்டும் சார். நா டூட்டிக்குப் போயிருவேன்ல."

நான் சிரித்துக்கொண்டே, முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும் என்று நடைமுறையை விளக்கினேன். மனுவின் நகலையும் படித்துக் காட்டினேன். நல்ல மனு அது. பணியில் இருந்தபோது கீழிருந்து வரும் வரைவுகளில் பிறமொழிச் சொல்லைக் கண்டால் சிவப்பு மையில் அடித்துத் தமிழ்ச் சொல் எழுதுவது என் வழக்கம். இந்த மனுவிலும் ஓர் ஆங்கிலச் சொல் இல்லை. அந்த அம்மாள் பாதியிலேயே, அடுப்பில் உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

உரிய துறைக்கு மனு அனுப்பப்பட்டதாகக் கைபேசியில் தகவல் வந்தது. எது உரிய துறை என்று நான் கேட்கவில்லை. எனக்கா தெரியாது?

நான் போகாத பன்னிரண்டாம் நாள் மூன்று பேருந்துகள் நிற்காமல் போயின. நான்காவதின் பின்னால் ஓடி ஏறி அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. கையெழுத்துப் புத்தகத்தை மேஸ்திரி மூடிவிட்டிருந்தார். நான் போய்ப் பேசினேன். "உங்க ஆபீஸ்ல லேட்டா வந்தா வுட்டுருவியா சார் நீ?" என்று கேட்டார். விட்டதில்லை. திரும்பி வந்தேன்.

இப்போது அந்த அம்மாள் எண்ணூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் இறால் உரிக்கப் போகிறார். விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும் பேருந்து எதிர்ச் சாரியில் ஒழுங்காக நிற்கிறதாம். என்னிடம் வருத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

முப்பது நாள் ஆனதும் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். அறுபதாம் நாள் இன்னொன்று. அதன் பிறகு பதில் வந்தது. பேருந்துக்காரர்களிடமிருந்து அல்ல, நெடுஞ்சாலை பார்க்கும் ஓர் அலுவலகத்திலிருந்து. மனுதாரர் குறிப்பிடும் சுங்கச்சாவடியில் பேருந்து நிறுத்தம் ஏதும் அனுமதிக்கப்படவில்லை, வாகனங்கள் கட்டணம் செலுத்தும் இடத்தில் பயணிகள் நிற்பது ஆபத்தானது என்பதால் மனுதாரர் அதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறார், மனு முடிக்கப்பட்டது.

நகலை எடுத்துப் பார்த்தேன். ஆறு இடத்தில் எழுதியிருந்தேன், 'சுங்கச்சாவடிப் பேருந்து நிறுத்தம்' என்று. அழகான கையெழுத்து.

கீழே போனேன். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. அந்த அம்மாள் அதற்குள் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். மறைக்க மனமில்லாமல் முழுவதையும் படித்துக் காட்டினேன். நான் முடிக்கும்வரை கையில் பல்பை வைத்துக்கொண்டு நின்று கேட்டார்.

"டோல்கேட்டுன்னு எழுதலியா சார் நீ?"

இல்லை என்றேன்.

"அங்க இன்னா சாவடி கீது?" என்றவர், பல்பைத் திருக ஆரம்பித்தார்.

மேலே வந்து, பழக்க தோஷத்தில் கடிதத்தின் இடது மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். அதன் கீழே தேதி போட்டேன்: டிசம்பர் இருபத்து நான்கு.