அக்கா வரலியாண்ணா?

சந்தவாசலைத் தாண்டி, ஜவ்வாது மலைக்கு ரோடு ஏறும் இடத்தில் இருக்கும் சின்னக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் இளையோர் குழுவுக்குப் பொறுப்பாளர் ஆரோக்கியநாதன். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து, புகையிலைப் பாக்கெட், கூல்டிரிங்ஸ், விடிய விடிய செல்போன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார். நன்றாகவே பேசுவார். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். வெளியே போனதும் மரிய அருண் கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று கீழுதட்டில் புகையிலையை அடக்கிக்கொள்வான். எப்படியும் இவனைத் திருத்திக் காட்டுவது என்று ஆரோக்கியநாதன் மனதுக்குள் வைத்திருந்தார்.

போன மழைக்காலத்தில் அவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். பங்குத்தந்தை கேட்டுக்கொண்டதால் அவர் மனைவி ஜூடி குழுவைப் பார்த்துக்கொண்டார். ஜூடி வீட்டில் தையல் மிஷின் போட்டிருப்பவர். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பள்ளியில் தான் ஆடிய த்ரோபாலை ஆடச் சொன்னார். புடவையைச் செருகிக்கொண்டு தானும் இறங்கினார். ஆட்டம் முடிந்ததும், மலையிலிருந்து தானியம் விற்க பஸ்ஸில் வரும் அம்சவல்லியிடம் வாங்கிய சாமையில் கஞ்சி வைத்து மோர் விட்டுக் கொடுத்தார்.

உடம்பு தேறி ஆரோக்கியநாதன் திரும்பிய ஞாயிறு, கூட்டம் இரண்டு மடங்காக இருந்தது. அவருக்குச் சந்தோஷம்தான், ரெனி என்ற பெண் வாயைத் திறக்கும்வரை.

"அக்கா வரலியாண்ணா?"

"ஏன், நான் வந்தா ஆவாதா?" என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஜூடியும் வாராவாரம் வந்தார். வீட்டில் ஆரோக்கியநாதனுக்கு எல்லாமே குற்றமாகப் பட்டது. கஞ்சியில் உப்பு தூக்கல் என்றார். ஜாக்கெட் தைக்க வந்த பெண்கள் பேசிக்கொண்டு உட்கார்ந்தால், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஜூடியைப் புகழ்கிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டார். கட்டிய மனைவி மேலேயே பொறாமைப்படுகிறவன் உலகத்தில் உண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டதால் எரிச்சல் அடங்கவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் இளையோர் ஞாயிறன்று அருண் கோயிலில் பேச எழுந்து நின்றான்.

"பொகையில வுட்டு மூணு மாசம் ஆவுது. ஜூடி அக்காதான் காரணம். வாயில வெக்கணும்னு தோணும்போதெல்லாம் அவங்க வூட்டுக்குப் போவேன். இன்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்க. பட்டன் தெக்கக் குடுப்பாங்க."

கோயிலே கைதட்டியது. ஆரோக்கியநாதனும் தட்டினார். இத்தனை வருஷம் அவர் பேசிய பேச்சைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம், இனி குழுவுக்கு வர வேண்டாம் என்று ஜூடியிடம் சொன்னார். வீட்டு வேலை கெட்டுப்போகிறதாம். வயசுப் பையன் அடிக்கடி வந்து போனால் ஊர் பேசுமாம். ஊரில் யாரும் பேசவில்லை என்பது அவருக்கே தெரியும். ஜூடி "சரிங்க" என்று எழுந்து போனார்.

அருண் வீட்டுக்கு வருவதும் நின்றது. குழு கரைந்தது. பந்து மூலையில் காற்றிறங்கிக் கிடந்தது. ஒரு நாள் மோட்டார் பார்க்கக் கணியம்பாடிக்குக் கிளம்பியவர், பஸ் நிறுத்தத்தில் அருணைப் பார்த்தார். கீழுதடு உப்பியிருந்தது. அவன் மறைக்கவுமில்லை, வணக்கம் சொல்லவுமில்லை.

ஆரோக்கியநாதனுக்கு முதலில் வந்தது வருத்தமல்ல. ஜூடியாலும் முடியவில்லை என்ற சின்ன நிம்மதி. அடுத்த நிமிஷம் அந்த நிம்மதியை நினைத்து அவருக்குப் பயமாகிவிட்டது. பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பினார்.

"இன்னாங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார் ஜூடி.

"அருண் மறுபடியும் பாக்கெட் போட ஆரம்பிச்சிட்டான். அதப் பாத்ததும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்திச்சி ஜூடி."

தையல் மிஷின் நின்றது. ஜூடி ஊசியிலிருந்து நூலை அறுத்தார்.

"எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஞாயித்துக்கெழம வர்றேன். ஆனா அவனப் போய்க் கூட்டினு வர்றது உங்க வேல."

ஆரோக்கியநாதன் போனார். இரண்டு முறை அருண் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை, அக்காவை வரவிடாமல் நிறுத்தியது தன் தப்பு என்று வாசலில் நின்றே சொன்னார். அவன் வந்தான்.

இப்போது நெட் கட்டுவதும் விசில் ஊதுவதும் ஆரோக்கியநாதன். பேச்சு ஐந்து நிமிஷத்தோடு சரி. அருண் இடையில் ஒருமுறை சறுக்கி, மறுபடி விட்டிருக்கிறான். ஜூடி வீசும் பந்துக்குப் பிள்ளைகள் "அக்கா" என்று கத்தும்போது ஆரோக்கியநாதனுக்கு இன்னமும் நெஞ்சுக்குள் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஜூடி எடுத்த பாயிண்டை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறார்.