பதில் மைக்கு

அருப்புக்கோட்டைக்கு வெளியே உள்ள ஒரு கலைக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறார் காளீஸ்வரி. சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டி, பருத்திக் காடு வைத்திருக்கும் குடும்பம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேச்சுக் கொடுத்தால், இறங்குவதற்குள் அவர் மகள் என்ன படிக்கிறாள் என்பதுவரை தெரிந்துகொள்வார். அப்படிப்பட்டவரே சில மாதம் வாயைத் திறக்க யோசிக்க வேண்டியிருந்தது. அந்த வினையைத் தொடங்கி வைத்ததும் அவர்தான்.

சென்ற ஆண்டு விழாவில் அசோக் என்ற மாணவன் பலகுரலில் பேசினான். டவுனில் இரும்புக்கடை வைத்திருப்பவரின் மகன். முதலாண்டு மாணவி அழகுத்தாய் ஒரு கூட்டத்தில் வரவேற்புரை சொன்ன விதத்தை எடுத்துக்கொண்டான். "அவுக வந்துருக்காக, இவுக வந்துருக்காக" என்று இழுத்து, நடுநடுவே ஆடுபோலவும் கத்தினான். அவள் நரிக்குடிப் பக்கம். வீட்டில் ஆடு உண்டு. அரங்கம் குலுங்கியது. அழகுத்தாய் ஒரு வாரம் கல்லூரிக்கு வரவில்லை.

காளீஸ்வரி முதல்வர் கோட்டைச்சாமியிடம் போனார். "அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், போதும்."

முதல்வர் ஒரு வார்த்தையோடு நிற்பவர் அல்லர். மனம் புண்படுத்தும் சொற்களைத் தடுக்கக் குழு அமைத்தார். காளீஸ்வரியைத் தலைவராக்கினார். வாசலில் புகார்ப் பெட்டி வைத்தார்.

பெட்டி நிறைந்தது. 'வழுக்கை' கூடாது என்று கணிதத் துறையிலிருந்து ஒரு தாள். 'அரியர்' என்ற சொல் மனதை உடைக்கிறது என்று பதினெட்டுப் பேர் கையெழுத்து. சாம்பாரை யாரும் 'தண்ணி' என்று சொல்லக் கூடாது என்று கேன்டீன்காரர். முதல்வர் எதையும் தள்ளவில்லை. பொங்கலுக்குள் தடைசெய்த சொற்களின் பட்டியல் இருநூறைத் தாண்டியது. பேச்சுப் போட்டிக்கு வந்தவர்கள் "அனைவருக்கும் வணக்கம்" என்றார்கள், பட்டியலைப் பார்த்தார்கள், "நன்றி" சொல்லி இறங்கினார்கள்.

ஒருநாள் தாமதமாக வந்த மாணவர்களிடம் காளீஸ்வரி, "ஏப்பா, எருமை கணக்கா ஆடி அசைஞ்சு வாரீக?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. 'எங்கள் வீட்டில் ஆறு எருமைகள். எல்லாம் நேரத்துக்கு வீடு திரும்புபவை. மேடம் சொன்னது அவற்றுக்கு அவமானம்.'

குழுத் தலைவர் காளீஸ்வரி, பேராசிரியை காளீஸ்வரியிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. எழுதினார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டார். சாப்பாட்டு நேரம் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோதுதான் உறைத்தது. இத்தனை தாள்களில் அழகுத்தாய் எழுதியது ஒன்றுகூட இல்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

நூலகத்தில் அவளைப் பிடித்தார். "இந்தப் பட்டியல் வந்தது உனக்கு நிம்மதியா இருக்காம்மா?"

அழகுத்தாய் புத்தகத்தை மூடினாள். "அன்னைக்கு ரொம்ப வலிச்சுச்சு மேடம். ஆனா அவன் வாயக் கட்டச் சொல்லி நான் கேக்கலயே. அவன் கையில மைக்கு இருந்துச்சு, எங்கிட்ட இல்ல. அதான் தாங்கல."

அடுத்த கூட்டத்தில் காளீஸ்வரி எழுந்தார். "பட்டியலைக் கிழிச்சிருவோம் சார். மேடையில ஒருத்தரைக் கேலி பண்ணுனா, பேச்சு வாங்குனவுகளுக்கும் மைக்கு குடுத்துருவோம்."

"கலவரமாயிராதா மேடம்?"

"இப்ப எழவு வீடு மாதிரியில்ல சார் இருக்கு."

முதல்வர் அரைமனதாகத் தலையாட்டினார். புது விதியைக் காளீஸ்வரியே எழுதினார்.

இந்த ஆண்டு விழாவிலும் அசோக் அழகுத்தாயைப் போலப் பேசினான். அவன் இறங்கியதும் அவள் ஏறினாள். அசோக் போனில் "யா ப்ரோ, ஷ்யூர் ப்ரோ" என்று அளப்பதையும், அப்பா குரல் கேட்டதும் "இந்தா வாரேன்ப்பா, ஆணி எத்தன கிலோ?" என்று ஓடுவதையும் செய்து காட்டினாள். கைதட்டல் அடங்கவே இல்லை. அசோக் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

மேடைக்குப் பின்னால் அவளிடம் வந்தான். "போன வருஷம் ஆடு மாதிரி கத்துனது தப்புதான்."

"அது ஆடே இல்ல. பூனை மாதிரி இருந்துச்சு. ஒருநா ஊருக்கு வா, கேட்டுட்டுப் போ."

அசோக் அன்று முதல்வரையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே முதல்வரும் பதில் மைக்கு கேட்டு வாங்கினார். கல்லூரி வரலாற்றில் தொடங்கி ஐம்பது நிமிடம் பேசினார். பாளையம்பட்டி டவுன் பஸ்ஸுக்காகப் பாதி அரங்கம் காலியானது. காளீஸ்வரி மட்டும் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பதில் மைக்கு எத்தனை நிமிடம் என்று விதியில் எழுதத் தவறியது அவர்தானே.