சில பேருக்கு மட்டும் ஸ்டார்ட் ஆகும் கார்

கார் ஓட்டப் பழக்குகிற தொழிலில், மாணவருக்குப் பிரேக் எங்கே இருக்கிறதென்று தெரியாதது பெரிய பிரச்சினையே இல்லை. கார் ஸ்டார்ட் ஆகாமல் விட்டால் மாஸ்டருக்குத் தன் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாது, அதுதான் பிரச்சினை. பழைய கார் வைத்திருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுவிஸில் பஸ் ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, கல்லடியில் பழக்குகிற வேலையைத் தொடங்கியபோது நான் வாங்கிய கார் என்னைவிடக் கொஞ்சம்தான் இளசு. தமிழிலும் இங்கிலீசிலும் படித்தவன் என்பதால் இரண்டு பாஷையிலும் அதைக் கெஞ்சியிருக்கிறேன்.

ஆள் பார்க்கும் கார்

ஆரையம்பதி யோகேஸ்வரியின் கணவர் சின்ன வேனில் மரக்கறி விற்றவர். சீனி வருத்தம் கண்ணில் ஏறியதால் அவரால் இனி ஓட்ட முடியாது. வேன் வளவுக்குள் நிற்கிறது. யோகேஸ்வரிக்கு லைசன்ஸ் கிடைத்தால்தான் அது வெளியே வரும். முதல்நாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திறப்பைத் திருப்பினார். ‘டிக்’ என்றுகூடச் சத்தம் இல்லை.

நான் இறங்கிச் சுற்றிவந்து, அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்து திருப்பினேன். உடனே பிடித்தது. யோகேஸ்வரி காரை மேலும் கீழும் பார்த்தார். “ஆளப் பாத்துத்தான் எழும்பும் போல சேர். எங்கட வீட்டு மனிசனும் இப்பிடித்தான்.”

கராஜில் நல்ல பிள்ளை

இதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று தரம் இந்தக் கூத்து நடந்தது. சிலருக்கு ஒருநாளும் பிரச்சினை இல்லை, சிலருக்கு அடிக்கடி. காத்தான்குடி ரபீக் காக்காவின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் பெற்றரியை மாற்றினார், வயர் முனைகளைச் சுரண்டினார், செல்ப் மோட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். ஒவ்வொரு தரமும் எண்ணெய் ஊறின செருப்போடு ஏறித் திறப்பைத் திருப்புவார். ஒவ்வொரு தரமும் கார் நல்ல பிள்ளையாகப் பிடிக்கும். மூன்றாம் முறை போனபோது கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வண்டிக்கு ஒரு வருத்தமும் இல்ல சேர். நீங்க ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டினா நல்லம்.”

நாவூறு

பக்கத்து வீட்டுக்காரர் இது நாவூறு, கண்பட்டுவிட்டது என்று முடிவு கட்டினார். வெளிநாட்டிலிருந்து வந்தவனின் கார். பார்க்கிற கண்ணெல்லாம் ஒரே மாதிரி இருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் நம்பிக்கை இல்லாதவன் முயற்சி செய்யக் கூடாதென்று சட்டமும் இல்லை. முன்பக்கம் மூன்று தேசிக்காய் கட்டினேன். அடுத்த நாளும் கார் ஊமையாக நின்றது. மத்தியானம் என் மனைவி முற்றத்துக்கு வந்தாள். “அது எழும்பாதெண்டா அந்தத் தேசிக்காயக் கழட்டித் தாங்க. மீனுக்குப் புளி காணாது.”

முதல் ட்ரயல்

யோகேஸ்வரி நன்றாகவே ஓட்டினார். ரிவேர்ஸில் என் பழைய மாணவர்கள் யாராலும் அவருக்குக் கிட்ட நிற்க முடியாது. லைசன்ஸ் பரீட்சைக்கு, அதுதான் ட்ரயலுக்கு, போனோம். பரிசோதகர் பக்கத்தில் ஏறினார், யோகேஸ்வரி திறப்பைத் திருப்பினார், சத்தமில்லை. திரும்பவும் திருப்பினார். பரிசோதகர் பொறுமையாக இருந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காரை ஒதுக்க நான் ஏறினேன். அத்தனை பேருக்கும் முன்னால் அது என் கைக்கு உடனே பிடித்தது.

வீட்டடியில் இறங்கும்போது யோகேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “அவர் ஒவ்வொரு நாளும் விடிய வேனத் துடைக்கிறார் சேர். இண்டைக்கும் துடைச்சிருப்பார். நான் போய் என்னெண்டு சொல்லுறது?”

நேர்த்திக்கடன்

மாரி தொடங்கியது. வாவிக்கரை வீதியில் வெள்ளத்துக்குள் இறங்கி நின்றதில் என் சப்பாத்து ஊறிப்போக, அதைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு ஏறினேன். திறப்பைத் திருப்பினால் சத்தமில்லை. எனக்கே சத்தமில்லை!

இந்தக் காரில் கிளச்சை அடிமட்டும் மிதித்தால்தான் ஒரு சின்ன சுவிட்ச் அமுக்கப்பட்டு ஸ்டார்ட் ஆகும். சுவிட்சும் தேய்ந்து, பெடல் றப்பரும் எப்போதோ கழன்று விழுந்து, வெறும் இரும்பு விளிம்புதான் மிச்சம். அது உள்ளங்காலைக் கடித்தது. கால் தானாகவே அடிமட்டத்துக்கு அரை விரல்கடை இருக்கும்போதே நின்றுவிட்டது. சப்பாத்தை மாட்டினேன், பிடித்தது. கழற்றினேன், இல்லை. மாட்டினேன், பிடித்தது. மரியாதைக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறின மாணவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக என் கண்ணுக்குள் வந்தார்கள். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்: “கழட்டுறீங்க, மாட்டுறீங்க. ஏதும் நேத்தியா தம்பி?”

இரண்டாம் ட்ரயல்

மறுநாள் காலை யோகேஸ்வரிக்கு இரண்டாம் ட்ரயல். ரபீக் காக்காவோ ஓட்டமாவடியில் ஒரு கலியாண வீட்டில். யோகேஸ்வரிக்குப் போன் எடுத்து, பெடல் கதையைச் சொல்லி, செருப்போடு ஓட்டுங்கள் என்றேன். “தொழில் பழகின இடத்தில செருப்போட மிதிக்கவா? அது போகட்டும் சேர், எனக்குக் காலுக்குத்தான் கிளச் தெரியும். செருப்புக்குத் தெரியாதே.” அதுவும் சரிதான். செருப்போடு ஓட்டினால் முதல் வளைவிலேயே எஞ்சின் நின்றுவிடும்.

காலையில் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் புது றப்பர் செருப்பு, கடைப் பை கூடப் பிரிக்கவில்லை. “இது நிலத்தில படாத செருப்பு” என்று சொல்லி, ஒன்றைக் கத்தியால் பெடல் அளவுக்கு வெட்டினார். கணவர் குனிந்து, கையாலேயே தடவிப் பார்த்து, இரும்பில் வைத்து நைலோன் நூலால் இறுக்கிக் கட்டினார். யோகேஸ்வரி வெறுங்காலை வைத்து மிதித்தார். பிடித்தது.

ட்ரயல் நடக்கும்போது நானும் கணவரும் வேலியோரம் நின்றோம். “எந்தப் பக்கம் கிறுகுறா சேர்?” என்றார். இடப்பக்கம் என்றேன். “சிக்னல் போட்டவவா?” போட்டா. “ரிவேர்ஸ்?” போறா. “தட்டினவவா?” இல்லை. அதன்பிறகு எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினார்.

கார் வந்து நின்றது. பரிசோதகர் இறங்குமுன் குனிந்து பெடலைப் பார்த்தார். பிறகு யோகேஸ்வரியின் காலைப் பார்த்தார். “பாஸ். ஆனா அம்மா, இனி வேற வண்டி ஓடக்குள்ள அதுக்கும் ஒரு சோடி வாங்கிக் குடுங்க.”

மரியாதை கூடிப்போனாலும் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் என்பது நான் இரண்டு பாஷையிலும் படித்த எந்த மெக்கானிக் புத்தகத்திலும் இல்லை.