ஆலீசைத் தனியே விடாத சனிக்கிழமை

கோசலை வில்லியே லே பெல் என்ற பிரெஞ்சுப் புறநகரில் விடியப்புறம் ரயில் பிடிக்கிறவள். பதினொரு வருடமாக வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்கவார்ப்பதும் சமைத்துக் கொடுப்பதுமே சீவியம். காலையில் நகரத்துக்குள், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மதாம் ஆலீஸ். மத்தியானம் எபினேயில் லூர்துசாமி ஐயா, புதுச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், நீரிழிவு. காலையில் நர்ஸ் வந்து இன்சுலின் போட்டுவிட்டுப் போவாள். பன்னிரண்டு மணிக்குக் கோசலை போய்ச் சோறு போட வேண்டும்; பிந்தினால் சீனி இறங்கி மயங்கிவிடுவார். ஒரு நாளும் பிந்தியதில்லை.

ஆலீசுக்கு எண்பத்தெட்டு வயது, பிள்ளைகுட்டி இல்லை. ஐந்து வயதில், உலகப்போர்க் காலத்தில், யூதர்களைப் பிடித்துக்கொண்டுபோகப் பொலிஸ் வந்த ஒரு ஜூலைக் காலை, தாய் இதே வீட்டில் அவரைக் கீழ்வீட்டுக்காரியின் கையில் கொடுத்து, "பின்னேரம் வந்துவிடுவேன்" என்றாளாம். எந்தப் பின்னேரமும் வரவில்லை. தாய் எங்கே செத்தாள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது ஆலீசுக்குக் கடைசிவரை தெரியாது.

அதனால்தான் அவருக்கு அந்த ஒரே ஆசை. யூதர்கள் தங்களில் ஒருவர் இறந்தால் அடக்கம் முடியும்வரை உடலைத் தனியே விடமாட்டார்கள். யாராவது பக்கத்திலிருந்து வேதத்தின் சங்கீதப் பாடல்களை வாசிப்பார்கள். "எங்கள் ஆட்கள் வரும்வரை நீ இரு கோசலை. உனக்கு மந்திரம் தெரியத் தேவையில்லை. இருந்தால் போதும்."

கோசலை அவருடைய உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். ஆலீஸ் கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "உங்கள் ஊரில் வாக்குக் கொடுத்தால் வலிக்குமா?"

வலிக்கும் என்று கோசலை சொல்லவில்லை. வன்னியில், பதுங்குகுழி வாசலில், தண்ணீர் எடுத்து வாறன் அப்பா என்று சொல்லிப் போனவள் அவள். திரும்பி வந்தபோது குழி மூடிக் கிடந்தது.

ஜனவரி மாதத்தின் முதல் சனிக்கிழமை. எட்டரைக்குக் கதவைத் திறந்தபோது ஆலீஸ் கட்டிலிலேயே குளிர்ந்துபோயிருந்தார். மேசையில் வெள்ளிக்கிழமை ஏற்றிய இரண்டு மெழுகுதிரிகளும் எரிந்து தீர்ந்திருந்தன. டாக்டர் வந்து, தாளில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். குளிர்பெட்டிக் கதவில் ஆலீஸ் ஒட்டிவைத்திருந்த தொழுகைக்கூட நம்பருக்கு எடுத்தால் பதிவுக் குரல்தான் பேசியது; அதில் சேதியைச் சொல்லிவைத்தாள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள்; பொழுதுபட்டு இருட்டும்வரை அவர்கள் போனைத் தொடமாட்டார்கள். தலைமாட்டில் விளக்கேற்ற நெருப்புப்பெட்டியை எடுத்தாள். இன்றைக்கு இந்த வீட்டில் நெருப்பு மூட்டுவதில்லை என்ற நினைவு வந்து, திரும்ப வைத்தாள்.

பதினொரு மணியானது. அவளை வேலைக்கு அனுப்பும் கந்தோருக்குப் போன் எடுத்தாள். எபினேக்கு அனுப்ப வேறு ஆளில்லை என்றார்கள். புருஷன் உதயன் ரெஸ்ரோறண்ட் குசினிக்குள், போன் எடுக்கவில்லை. யன்னலைத் திறந்து, கீழே மரக்கறிக்கடை வாசலில் நின்ற பொன்னம்பலத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, மதாம் செத்துப்போனா. ஒரு ரெண்டு மணித்தியாலம் மேலை வந்து இருங்கோவன். நான் எபினேக்கு ஓடிட்டு வாறன்."

"ஐயோ தங்கச்சி, நான் மாலை போட்டிருக்கிறனெல்லே! செத்த வீட்டுக்குள்ளை காலெடுத்து வைக்கேலாது. துடக்கு."

"கதவடியிலையாவது நில்லுங்கோ அண்ணை."

"ஐயப்பன் என்னைக் கேப்பாரடி பிள்ளை."

"லூர்துசாமி ஐயா என்னைக் கேப்பாரே!"

பொன்னம்பலம் கறுப்பு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கத்தரிக்காய்ப் பெட்டியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைத்தார்.

பன்னிரண்டுக்கு அவள் லூர்துசாமிக்குப் போன் எடுத்தாள். "ஐயா, இண்டைக்குக் கொஞ்சம் பிந்தும். மேசையிலை பாண் கிடக்கு, சாப்பிடுங்கோ."

"பாணா? நீ வந்து ரசம் வச்சா சாப்பிடுறேன். அவசரமில்ல, மெதுவா வாம்மா."

"ஓம் ஐயா. வாறன்."

வரமுடியாது என்று தெரிந்தேதான் சொன்னாள். ஆலீசைப் பார்த்தாள். ஒரு பெண் வருவேன் என்று சொல்லி வராமல்போன வீடு இது. இன்னொருத்தி எழும்பிப் போவதா? கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்தாள்.

இரண்டு மணிக்கு லூர்துசாமி போன் எடுக்கவில்லை. இரண்டேகாலுக்கும் இல்லை. கோசலை எழும்பிக் கதவுவரை போனாள். கைபிடியில் கை வைத்தாள். பிறகு திரும்பி வந்து, ஆம்புலன்ஸ்காரருக்குப் போன் அடித்து லூர்துசாமியின் விலாசம் சொன்னாள்.

அறை இருட்டியது. சனிக்கிழமைகளில் ஆலீஸ் லைட்டைப் போடு என்று சொல்லமாட்டார், சொல்லக்கூடாது. "என்ன இருட்டு!" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்ப்பார், கோசலை சிரித்துக்கொண்டே போடுவாள். இன்றைக்கு ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. அவள் இருட்டிலேயே இருந்தாள்.

ஆறரைக்கு ஆலீசின் தொழுகைக்கூடத்திலிருந்து எரிக் என்பவர் மூச்சுவாங்க ஏறிவந்தார். அடக்கப் பணிகளைச் செய்யும் குழுவில் ஒருவர். சங்கீதப் புத்தகத்தை எடுத்து, அவள் இருந்த கதிரையைத் தொட்டு, "காலையிலிருந்தா?" என்றார்.

கோசலை எல்லாவற்றையும் சொன்னாள், லூர்துசாமியைப் பற்றியும். ஆம்புலன்ஸ்காரர் பிறகு போனில் சொல்லியிருந்தார்கள்: கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்களாம். சீனி இறங்கி, குசினியில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாராம். பாணைத் தொட்டிருக்கவில்லை.

எரிக் புத்தகத்தை மூடினார்.

"மதாம், நீங்கள் போயிருக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் எங்களுக்குச் சனிக்கிழமையே கிடையாது. இறந்தவரை விட்டுவிட்டுப் போகத்தான் வேண்டும். ஆலீசுக்கும் அது தெரியும்."

"எனக்கு அவ அதைச் சொல்லேல்லை" என்றாள் கோசலை தமிழில். எரிக்குக்கு விளங்கவில்லை.

வீட்டுக்குப் போய்த் தலைமுழுகாமல் அவள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். லூர்துசாமியின் முகத்தில் ஒரு பக்கம் நீலமாக வீங்கியிருந்தது.

"ரசத்துக்குத் தக்காளிகூட எடுத்து வச்சிருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள்.

எட்டு மணிக்கு நர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்றாள். லூர்துசாமி போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினார்.

"நாளைக்கு வருவியாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை. வேலையில்லை. வருவதாகத்தான் இருந்தாள். ஆனால் வாறன் என்ற அந்தச் சொல் வாய்க்குள் வரவில்லை. நர்ஸ் இரண்டாம் தரம் கூப்பிடும்வரை, நீட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.