அகப்பையும் அந்த அம்மாவும்

வில்லரே என்ற நகர்ப்பகுதியில் ஒரு மண்டபத்தில் புதன்கிழமைகளில் நான் சமைக்கிறேன். சிறுவயதில் அரசாங்கம் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் விடுதிப் பள்ளிகளில் அடைத்த இந்நாட்டுப் பூர்வகுடி மக்கள் அங்கே வட்டமாக இருந்து கதைப்பார்கள். விரும்பியவர்கள் பக்கத்து அறையில் தங்கள் கதையைப் பதிவு செய்வார்கள். பதிவு செய்பவர் ஒரு சென்னைக்காரப் பேராசிரியை. என் பாடு சோறும் சூப்பும்.

எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மூன்று கிழமை வந்தும் பதிவு அறைக்குள் போகாமலே திரும்பியிருந்தார். நாலாம் கிழமை, சாப்பிட்டதும் கட்டாயம் பேசுவேன் என்றார். அந்தப் பள்ளியில் என்ன நடந்தது என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு கை சும்மா இருக்குமா? யாழ்ப்பாணத்து ஆள் நான், ஒருவர் தட்டு வெறுமையாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். இன்னோர் அகப்பை சோறு வைத்தேன். வேண்டாம் என்று கையால் மறித்தார். “ஒரு வாய்தானே, வீணாக்காமல் சாப்பிட்டு முடியுங்கோ” என்று எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் அதட்டினேன், பக்கத்திலேயே நின்றுகொண்டு. அன்பாகத்தான். அவர் தலை நிமிராமல் எல்லாவற்றையும் விழுங்கினார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“என்ன அக்கா பண்ணிட்டீங்க?” என்றார் பேராசிரியை. “அந்த ஸ்கூல்ல தட்டு காலியாகுற வரைக்கும் பக்கத்துலயே ஒருத்தர் நிப்பாங்களாம். வாந்தி எடுத்தாலும் விட மாட்டாங்களாம். மத்தவங்க சொல்லியிருக்காங்க.”

“எனக்கு ஆர் சொன்னது? சமைக்கிறவளுக்கு இதெல்லாம் எதுக்கெண்டு விட்டிட்டியள்!” என்று பாய்ந்தேன். உண்மையில் கோபம் என்மேல்தான். ஐயோ, என் வாய்! சட்டி கழுவும்போது அழுகை வந்துவிட்டது. மகளுக்கென்று பேச வந்த மனுசியை நானே துரத்திவிட்டேன்.

அடுத்த புதன் அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். அகப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன். அவரே போட்டு, பாதி சாப்பிட்டு, தட்டோடு நேரே என்னிடம் வந்தார்.

“எனக்குக் காணும், போதும்.”

“ஓம், காணும்” என்றேன்.

அவர் நகரவில்லை. தட்டை நீட்டியபடியே நின்றார். பிறந்ததிலிருந்து சோற்றைக் குப்பையில் போட்டு அறியாதவள் நான். வாங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே குப்பை வாளிக்குள் கொட்டினேன்.

கடைசிப் பருக்கை விழும்வரை பார்த்தார். பிறகு பதிவு அறைக்குள் போய், பேராசிரியையிடம், “மெஷினைப் போடுங்கோ” என்றார்.