ஒட்டடைக்குப் போட்டுவிட்ட சட்டை

ஒட்டடை என்ற பேரைத் தையலம்மா முதன்முதலில் கேட்டது, வீட்டுக்காரர் இறந்து, துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் கலைந்திருந்த சமயம். சொன்னது சின்ன நாத்தனார்.

"என் ஓரகத்தியோட தம்பி, அண்ணி. ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான், பேரும் அதுவே ஆயிடுச்சு. லாரி ஓட்டினான். கண்ணு மங்கி அந்த வேலை போச்சு. இப்ப மாமியார் வீட்டோட இருந்துக்கிட்டு, வீடு வீடாப் போய் நாய்களை நடக்கக் கூட்டிட்டுப் போறான்."

"இதுக்கும் ஆள் வைப்பாங்களா?"

"அவன் மாமியாரும் இதையேதான் கேட்டாளாம். அவன் சோத்துல கை வச்ச நேரம் பார்த்து."

தையலம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாளிலிருந்து, அவர் வளர்த்த நாய் வாசற்படி தாண்டவில்லை. மாடி வீடு. அவளுக்கோ முட்டி தேய்ந்து படியிறங்க முடியாது. நாய் கூடத்திலேயே அசிங்கம் பண்ணியது. மருமகள் தினமும் துடைத்தாள். மகன்தான் சொன்னான்.

"இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா காப்பகத்துல விட்டுடுவேம்மா. கோவிச்சுக்காத."

அவர் விட்டுப்போனதில் மூச்சு விடுகிறது அது ஒன்றுதான். அதையும் அனுப்பிவிட்டு அந்த வீட்டில் எப்படி இருப்பது?

ஒட்டடை குனிந்துதான் வாசலுக்குள் நுழைந்தான். கயிற்றைப் போட்டு இழுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தான், பிஸ்கட்டை நீட்டினான். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அதே கதை.

"அது என்னை ஒரு ஆளாவே மதிக்கலக்கா. பரவாயில்ல, வீட்டுல பழகினதுதான்."

தையலம்மா பீரோவைத் திறந்து ஒரு பையை எடுத்தாள். அவர் கடைசியாகக் கழற்றிப்போட்ட சட்டை. துவைக்காமல் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். மனசு தாங்காதபோது முடிச்சை அவிழ்த்து முகத்தைப் புதைத்துக்கொள்வாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

"இதைப் போட்டுக்குங்க தம்பி."

"அண்ணன் சட்டையையா?"

"துவைக்க மட்டும் கூடாது."

சட்டைக் கை அவன் முழங்கையைத் தாண்டவில்லை. நாய் எழுந்து வந்து மோந்தது, முனகியது, கூடவே படியிறங்கிவிட்டது. ஜன்னலில் நின்றவள் அந்த முதுகையே பார்த்தாள். தெருமுனை திரும்பும்வரை அவள் கண்ணுக்கு அவர்தான் போனார்.

கீழே இஸ்திரி போடுகிறவன் ஒட்டடையைச் சீண்டினானாம், "மனுஷன் செத்தும் ஓய்வில்ல பாரு, சட்டையை வேலைக்கு அனுப்பிட்டாங்க" என்று. அதைக் கேட்டு அவள்கூட லேசாகச் சிரித்தாள்.

தினமும் சட்டை திரும்பி வரும், பைக்குள் போகும். ஒரு நாள் மதியம் முடிச்சை அவிழ்த்து முகர்ந்தாள். ஒட்டடையின் வேர்வை, நாய் ரோமம், தெருப் புழுதி. காலரில் தேடினாள், அக்குளில் தேடினாள், பையைத் திருப்பிப் பார்த்தாள். அவர் இல்லை. நாயாவது இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு மடித்து வைத்தாள்.

நாயும் தன்னிடம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நடந்து வந்ததும் மாடிப்படியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடும். தட்டைத் தொடாது. "டேய்" என்று அவர் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள், காதுகூட அசையவில்லை. ஒரு சாயங்காலம் ஒட்டடை கிளம்பியதும் பின்னாலேயே பாய்ந்து, படியில் உருண்டு, நொண்டிக்கொண்டே அவன் காலைச் சுற்றியது. அவன் தூக்கிக்கொண்டு மேலே வந்தான்.

"நான் இனிமே வரலக்கா. நாலு நாள்ல மறந்துடும். வேற ஆளை வச்சுக்குங்க."

"மறக்காது தம்பி." அவள் நாயின் காலைத் தடவிப் பார்த்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஏற்கெனவே ஒருத்தரைப் பறிகொடுத்துட்டு நிக்குது. நீங்களும் போயிட்டா அதுக்கு இன்னொரு சாவு. கூட்டிட்டுப் போங்க."

"அக்கா..."

"அந்தச் சட்டையை நான்தானே போட்டுவிட்டேன்."

ஒட்டடை இப்போது மாமியார் வீட்டில் இல்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால், ஒற்றை அறை வாடகை வீட்டில் மனைவியோடு இருக்கிறான். நாயும் அங்கேதான் இருக்கிறது.