இங்கிலீஷ் ஒன்லி

2010 கோடையில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு இடம் கொடுத்தது. கொடுத்த கையோடு ஒரு நிபந்தனையும் போட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று மாதக் கடைசிக்குள் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் போய்விடும்.

நிரூபிக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதுவது. எழுதினால் மட்டும் விடமாட்டார்கள், எதிரே ஒருவர் உட்கார்ந்து கால் மணி நேரம் பேச வேறு சொல்வார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புவரை கடலூரில் தமிழ் வழியில் படித்தவள் நான். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், பேசு என்றால் வார்த்தை வராது. இன்னொரு வழி, படித்த கல்லூரியிலிருந்து பாடமெல்லாம் இங்கிலீஷில் நடந்தது என்று ஒரு கடிதம் வாங்கி அனுப்புவது. யோசிக்கவே இல்லை, மறுநாள் காலையிலேயே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே நான் பி.எஸ்ஸி. படித்த கல்லூரியில் புத்தகம் இங்கிலீஷ், பரீட்சை இங்கிலீஷ், வகுப்பு தமிழ். "ஆசிட்ல பேஸ ஊத்துனா என்னாவும்?" என்றுதான் சார் கேட்பார். "நியூட்ரல் ஆவும் சார்" என்று நாங்களும் கத்துவோம். மூன்று வருடமும் இப்படித்தான் போனது, எங்களுக்கும் பாடம் நன்றாகவே புரிந்தது. கடிதத்தில் இதையெல்லாம் யார் எழுதப்போகிறார்கள்?

கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ்கள் அடித்துக் கொடுப்பது ஒரு அக்கா. கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்த கடிதத்தைத் திறந்து என் பெயரைப் போட்டார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தார் என்று ஒரே ஒரு வரி. எனக்குத் திருப்தி இல்லை. பாதிப் பொய் கலந்த காரியம், கொஞ்சம் அழுத்தமாக இருந்தால் நல்லது என்று பட்டது.

"அக்கா, இங்கிலீஷ்லதான் படிச்சேன்னு ஸ்ட்ராங்கா போடுங்கக்கா. ஒன்லி சேத்துக்குங்க."

"போட்டுட்டாப் போச்சு" என்று அக்கா அந்த வரியைத் திருத்தி அடித்தார். 'ஷி ஸ்டடீட் இங்கிலீஷ் ஒன்லி இன் அவர் காலேஜ்.' இரண்டு பேரும் படித்துப் பார்த்தோம். கம்பீரமாக இருந்தது. பிரின்சிபால் கையெழுத்துப் போட்டார், நான் கடலூர் வந்து பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன்.

நாலு நாளில் பதில் வந்தது. நீங்கள் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் மட்டுமே படித்ததாகக் கடிதம் சொல்கிறது, ஆனால் விண்ணப்பத்தில் வேதியியல் பட்டம் என்று இருக்கிறது, விளக்கவும் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐந்தாறு தடவை படித்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். நமக்கு 'ஒன்லி' என்றால் 'தான்'. வீட்டில்தான் இருக்கிறேன் என்பதற்கு 'ஐ ஆம் அட் ஹோம் ஒன்லி' என்போம். அவர்களுக்கோ அது 'மட்டும்'. அக்கா ஒழுங்காக வைத்திருந்த கடிதத்தை வாய் வைத்துக் கெடுத்தவள் நான்.

மறுபடி சிதம்பரம். அக்காவுக்குக் கோபம்.

"ஏம்மா, நீ சொல்லித்தான போட்டேன்? இப்ப வந்து குதிக்கிற."

"அவுங்க ஊருல ஒன்லின்னா வேற அர்த்தமாம்க்கா."

"அப்ப இத்தினி நாளா நாம பேசுனது என்னாவாம்?"

எனக்கும் அதே கேள்விதான். அக்கா முணுமுணுத்தபடி ஒன்லியை எடுத்துவிட்டுப் பழைய வரியையே அடித்துத் தந்தார். பிரின்சிபால் ஊரில் இல்லாததால் கையெழுத்துக்கு இரண்டு நாள் காத்திருந்து அதையும் அனுப்பினேன். மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது.

இரண்டு கடிதமும் இரண்டு விதமாக இருந்ததால் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் என் செல்போனுக்கே கூப்பிட்டார்கள். பேசியது ஒரு பெண்மணி. துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா அப்போதுதான் வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பேசிய முதல் வார்த்தையைக் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டு என் வாயையே பார்க்க ஆரம்பித்தார்.

முதல் கடிதம் ஏன் அப்படி, இரண்டாவது ஏன் இப்படி என்று அந்தப் பெண்மணி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் ஏதோ போலிக் கடிதம் கொடுத்தவளை விசாரிப்பது போல எனக்குப் பட்டது. எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. ஒன்லிக்கும் தானுக்கும் உள்ள உறவை இங்கிலீஷிலேயே விளக்க ஆரம்பித்தேன். வீட்டில்தான் இருக்கிறேன், நேற்றுதான் வந்தேன், அவர்தான் சொன்னார் என்று உதாரணம் உதாரணமாக எடுத்துவிட்டேன். எங்கள் இங்கிலீஷ் தப்பில்லை, அது எங்கள் ஊர் இங்கிலீஷ் என்றும் சொன்னேன். வார்த்தை தடையே இல்லாமல் வந்தது. அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது.

"அப்படியானால் உங்கள் ஆசிரியர்கள் வகுப்பில் எப்படிப் பேசுவார்கள்?" என்று கேட்டார்.

"தமிழில்தான்" என்றேன். "புத்தகம்தான் இங்கிலீஷ். சார் தமிழில் சொல்லாவிட்டால் எங்களுக்கு எப்படிப் புரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நிஜமான வருத்தத்தோடு சொன்னார். வகுப்பு இங்கிலீஷில் நடக்கவில்லை என்றால் கல்லூரிக் கடிதம் செல்லாது. இனி தேர்வு எழுதினாலும் மாதக் கடைசிக்குள் முடிவு வராது, எழுதிவிட்டு அடுத்த வருடம் விண்ணப்பிக்க வேண்டும். வைப்பதற்கு முன் ஒன்று சேர்த்துக்கொண்டார். "நீங்கள் மிக நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் அதற்கு எங்களுக்கு ஆதாரம் வேண்டும்."

போனை வைத்தேன். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். நான் இவ்வளவு நேரம் இங்கிலீஷ் பேசி அவர் பார்த்ததே இல்லை.

"என்னாம்மா சொன்னாங்க?"

"இங்கிலீஷ் நல்லா பேசுறேனாம்பா" என்றேன். "அதனால சீட்டு கெடையாதாம்."